எக்ஸ்ரே அறைக்கும் வெதமாத்தயாவின் திண்ணைக்கும் இடையில்

சீனா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை அம்பாந்தோட்டைத் துறைமுகம், கொழும்பு துறைமுக நகரம், இறுதிப் போரில் அரசாங்கத்துக்குக் கிடைத்த ஆயுதங்கள், ஜெனீவாவில் கொழும்பின் பக்கம் உயர்ந்த கை. 2024 டிசம்பரில் சீனக் கடற்படையின் ‘பீஸ் ஆர்க்’ என்ற வைத்தியக் கப்பல் கொழும்புக்கு வந்து இலவச சிகிச்சை வழங்கியபோதும், இந்து சமுத்திரப் போட்டியில் அது எந்தக் காய் நகர்த்தல் என்பதுதான் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சில் தவறில்லை. ஆனால் நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு சீனாவைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. தன் கிராமங்களில் இருந்த பரம்பரை எலும்பு வைத்தியர்களை அந்த நாடு என்ன செய்தது? அதே காலத்தில் இலங்கை தன்னுடையவர்களை என்ன செய்தது?

இதை ஒரு கலாசாரக் கேள்வியாக நான் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் கை முறிந்தால் அந்தக் கையை யார் பார்ப்பது என்பதுதான் இதன் அடி.

நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், மகாவலிக் கரையில் இருக்கும் ரயில் நகரம். 1874இல் புகையிரதப் பாதை இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் மேல்மலைத் தோட்டங்களுக்கு இது வாசலானது. மழைக்குப் பெயர்போன பகுதி. தொலஸ்பாகைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ ஏறினால் தேயிலை மலைகளின் சரிவு எப்படிப்பட்டது என்பது தெரியும். நனைந்த படிக்கட்டு, பாசி பிடித்த கான் ஓரம், முதுகில் கொழுந்துச் சுமை. வழுக்கி விழும் மனிதர் தன்னையறியாமல் கையை முன்னால் ஊன்றுகிறார். மணிக்கட்டு முறிகிறது. தோட்டங்களில் இதற்குப் புதினம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் எந்த லயத்தில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும்.

விழுந்தவருக்கு முன்னால் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று அரச வைத்தியசாலை: நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலை, அதற்கும் மேலே என்றால் பேராதனை அல்லது கண்டி. மற்றது வெதமாத்தயாவின் வீட்டுத் திண்ணை. சிங்களத்தில் அவர் செய்வதற்கு ‘கெடும் பிந்தும் வெதகம்’ என்று பெயர், அதாவது முறிந்ததும் உடைந்ததும். யாழ்ப்பாணத்தில் நாம் முறிவு நெரிவு வைத்தியம் என்கிறோம். கன்டோனீஸ் சீனத்தில் இதே தொழிலுக்கு ‘டிட் டா’ என்று பெயர், விழுந்ததும் அடிபட்டதும். மூன்று மொழிகளும் இந்தத் தொழிலுக்கு இரட்டைச் சொல்லையே வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. காரணம் எளிது என்று நினைக்கிறேன். வலியோடு வருபவருக்கு எலும்பு முறிந்ததா, தசைநார் நெரிந்ததா என்பது தெரியாது. வைத்தியருக்கும் பல நேரம் தெரியாது. படம் இல்லாத உலகத்தில் இரண்டும் ஒரே வாசலுக்குத்தான் வந்தன.

சீன வைத்தியம் நமக்கு அந்நியம் என்று சொல்பவர்கள் தம் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் கோடாலித் தைலம் சிங்கப்பூரில் 1928இல் ஒரு சீனர் தொடங்கிய நிறுவனத்தினுடையது. டைகர் பாம், ரங்கூனில் குடியேறிய சீன நாட்டு வைத்தியர் குடும்பத்திலிருந்து வந்தது. சுளுக்கு என்றதும் நம் அம்மாமார் நொச்சி இலை, உளுத்தம்மா, முட்டை வெள்ளைக்கரு வரிசையில் இந்தக் குப்பிகளையும் எப்போதோ சேர்த்துவிட்டார்கள். கால் முந்திப் பிறந்தவரை அழைத்துச் சுளுக்கு வழித்துவிடும் வழக்கமும் தோட்டங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை.

இவற்றில் எது வேலை செய்கிறது? இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சாதாரண சுளுக்கு, தைலம் பூசினாலும் பூசாவிட்டாலும் சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். எலும்பும் அப்படியே. முறிந்த இடத்தில் உடலே புதிய எலும்பை வளர்க்கிறது. பெரியவர்களின் மணிக்கட்டுக்கு ஏறத்தாழ ஆறு வாரம், காலின் பெரிய எலும்புகளுக்கு மாதங்கள். எலும்பை ஒட்டவைப்பது பத்துமல்ல, பிளாஸ்டருமல்ல. அதனால்தான் இரு தரப்பும் தம் சிகிச்சைதான் குணமாக்கியது என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. வைத்தியருக்கு உண்மையில் இருக்கும் வேலை இரண்டு. எலும்பு ஒட்டும்போது சரியான கோணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. கட்டு இறுகி இரத்த ஓட்டம் நிற்காமல் பார்ப்பது மற்றது. முதலாவது தவறினால் கை கோணலாகும். இரண்டாவது தவறினால் கையே போகலாம்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததில் இந்த இரண்டும் இருக்கின்றன. நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டமொன்றில் அவர் கொழுந்து பறிக்கிறார். வலது மணிக்கட்டு முறிந்தது. மலையகத்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் படம் எடுத்து, பிளாஸ்டர் போட்டு, ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விரல்கள் வீங்கின. திரும்பிப் போனார். ஓபிடி வரிசையில் அரை நாள் நின்று, கையை உயர்த்தி வைக்கும்படி சொல்லப்பட்டுத் திரும்பினார். அப்படிச் சொல்லப்பட்டதே பக்கத்தில் நின்ற ஒரு பெண் மொழிபெயர்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. “கட்டுப் போட்டாங்க, சரிதான் புள்ள. விரலு மரத்துப் போச்சுனு நான் யாருகிட்ட சொல்றது? அவங்களுக்கும் வேல, எனக்கும் பாஷ இல்ல” என்றார். மூன்றாவது வாரம் லயத்தில் ஒருவர் கத்தரிக்கோலால் பிளாஸ்டரை வெட்டிவிட, பெரியம்மா வெதமாத்தயாவிடம் போனார்.

அந்த வயதான சிங்கள வைத்தியரை நான் பிறகு சந்தித்தேன். தோட்டத்துத் தமிழை அவர் தோட்டத்து மக்களைப் போலவே பேசுகிறார். மூலிகைப் பெயர்களில் பாதியை இருவருமே பொதுவாக வைத்திருக்கிறார்கள். அவருடைய ‘பத்து’வும் நம்முடைய பத்தும் ஒரே சொல்தான். பெரியம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது படத்தைத்தான். வைத்தியசாலையில் பிலிம் கொடுக்கவில்லை. கணினித் திரையில் தெரிந்ததை என் தம்பி கைபேசியில் எடுத்து வைத்திருந்தான். அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்த அவர், எலும்பு சற்றுச் சரிந்தே ஒட்டத் தொடங்கிவிட்டது, இனி இதை இழுத்துத் திருத்துவது என் வேலை இல்லை என்றார். விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, மூங்கில் சிம்பு வைத்துத் தளர்வாகக் கட்டி, வைத்தியசாலைக்கே திரும்பிப் போகும்படி சொன்னார். பிள்ளைகளின் முழங்கை முறிவையும், தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்த காயத்தையும் தான் தொடுவதே இல்லை என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வைத்தியசாலை டொக்டருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்க விரும்பினாராம். யாருக்கு எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது, எழுதினால் அதை யார் வாசிப்பார் என்று தெரியாததால் விட்டுவிட்டாராம். அவரிடம் அரசாங்கம் கொடுத்த பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது.

இனிச் சீனாவுக்கு வருவோம். எலும்பு வைத்தியம் அங்கே மிகப் பழையது. முறிவுகளை இழுத்துப் பொருத்துவது, சிம்பு வைத்துக் கட்டுவது பற்றி 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல் ஒன்றே இருக்கிறது. ஆனால் பழைமை எல்லோரிடமும்தான் இருக்கிறது. நமக்குப் பயன்படுவது 1950களுக்குப் பின் நடந்தது. ஹெனான் மாகாணத்தில் லுவோயாங் நகருக்கு அருகே பிங்லே என்ற ஊரில் குவோ குடும்பத்தினர் தலைமுறைகளாக எலும்பு வைத்தியம் செய்துவந்தார்கள். வித்தை குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது என்பது வழக்கம். அந்தக் குடும்பத்து மருமகளான காவ் யுன்ஃபெங் என்ற பெண்மணி, 1950களில் குடும்ப இரகசியத்தை வெளியாருக்குக் கற்பிக்க முன்வந்தார். அவரைத் தலைமையில் வைத்து அரசு அங்கே எலும்பு வைத்தியசாலையையும், பிறகு ஒரு கல்லூரியையும் தொடங்கியது. அந்த வைத்தியசாலை இன்றும் பெரிய நிறுவனமாக இயங்குகிறது.

இன்னொரு முயற்சி தியன்ஜின் நகரில் நடந்தது. மேற்கத்தேய வைத்தியம் பயின்ற என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபாங் சியான்ஷியும் அவருடைய சகாக்களும் நாட்டு வைத்தியர்களின் சிறு சிம்புக் கட்டை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரேயின் துணையோடு ஒவ்வொரு முறிவிலும் அது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அக்காலத்து வைத்தியசாலை விதி, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டையும் அசையாமல் பிளாஸ்டரில் பூட்ட வேண்டும் என்பது. நாட்டு வைத்தியர்களோ முறிந்த இடத்தை மட்டும் சிம்புகளால் பிடித்து, மூட்டுகளை அசையவிட்டார்கள். எலும்புக்கு ஓய்வு, தசைக்கு அசைவு. இதில் பயன் இருக்கிறது என்று கண்டு, முடிவுகளை 1963இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் அகஸ்தோ சார்மியெந்தோ என்ற நிபுணர், மூட்டை அசையவிடும் கட்டுகளைக் காலெலும்பு முறிவுகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். இரு வேறு உலகங்களில் இருந்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தியன்ஜின் முறையில் எனக்குப் பிடித்த ஒரு விபரம் உண்டு. சிம்பைச் சுற்றிக் கட்டும் துணிநாடாவை விரலால் தள்ளினால் அது மேலும் கீழும் ஒரு சென்டிமீற்றர் நகர வேண்டும். அதற்குக் குறைந்தால் இறுக்கம், கூடினால் தளர்வு. வீக்கம் ஏறி இறங்கும்போது கட்டைத் தினமும் பார்த்துத் திருத்த வேண்டும். பரம்பரை வைத்தியரின் விரலில் இருந்த அறிவு, யாரும் படித்துச் செய்யக்கூடிய அளவாக மாறிய தருணம் இது. நம் நாட்டு வைத்தியர்களிடமும் இப்படி விரலில் மட்டும் இருக்கும் அறிவு எவ்வளவோ இருக்கக்கூடும். யாரும் அளந்து பார்க்கவில்லை.

சீனாவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. வித்தையைப் பகிரும்படி ஓர் ஒற்றைக் கட்சி அரசு கேட்கும்போது எத்தனை பேர் மறுத்திருக்க முடியும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். கோடிக்கணக்கான மக்களுக்குப் போதிய வைத்தியர் இல்லாத நிலையில் கையிலிருந்ததைப் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை. சீன மருந்தெல்லாம் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. எலும்பு நோவுக்கும் அடிகாயத்துக்கும் கொடுக்கப்படும் சில சீனக் கூட்டுகளில் அக்கொனைட் இனக் கிழங்கு சேர்கிறது. நம் சித்த மரபில் வச்சநாவி என்று அறியப்படும் நஞ்சின் உறவு அது. சரியாகச் சுத்தி செய்யாமல் உட்கொண்டவர்களின் இதயத் துடிப்புக் குழம்பி ஹொங்கொங்கில் மரணங்களும் நேர்ந்திருக்கின்றன. அந்த ஹொங்கொங்தான் 1999இல் சட்டம் இயற்றி, சீன வைத்தியர்களைப் பொது வைத்தியம், அக்குபங்சர், எலும்பு வைத்தியம் என்று மூன்று பிரிவுகளாகப் பதிவு செய்யத் தொடங்கியது. நம்பியதால் மட்டும் வந்த சட்டம் அல்ல அது. பயந்ததாலும் வந்தது.

சட்டத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. ஹொங்கொங்குக்கு 38 ஆண்டுகள் முன்பே, 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தை இலங்கை கொண்டுவந்துவிட்டது. சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாம் அதற்குள் அடங்கும். முறிவு நெரிவு, பாம்புக்கடி போன்ற தனித்துறைகளில் பரம்பரை வைத்தியர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு. கொழும்பில், கம்பஹாவில், யாழ்ப்பாணத்தில், திருகோணமலையில் பல்கலைக்கழக மட்டத்திலேயே சுதேச வைத்தியம் கற்பிக்கப்படுகிறது. களுபோவில அரச வைத்தியசாலையில் வைத்தியர் அன்டன் ஜயசூரிய சீன அக்குபங்சரைக் கொண்டுவந்து, அதற்காகவே வெளிநாட்டவர் தேடிவரும் அளவுக்கு வளர்த்ததும் இந்த நாட்டில்தான். ஆக, அங்கீகாரத்துக்குக் குறைவில்லை. சான்றிதழைக் கொடுத்துச் சுவரில் மாட்டவைத்த அரசு, அந்தச் சுவருக்கும் வைத்தியசாலைக்கும் நடுவே ஒரு பாதை போடவில்லை என்பதுதான் விடயம். நான் போய்ப் பார்த்த எந்த வெதமாத்தயாவுக்கும் ஒரு நோயாளியைப் படம் எடுக்க அனுப்பும் முறையான வழி இருக்கவில்லை. வைத்தியசாலையிலிருந்து கட்டை வெட்டிக்கொண்டு வெளியேறியவர் எங்கே போனார் என்பதை அறியும் வழி வைத்தியசாலைக்கும் இல்லை.

பாதை போடாத அரசு, மேடை போடத் தயங்கியதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த கொரோனாப் பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தது நினைவிருக்கும். அன்றைய சுகாதார அமைச்சர் கமராக்களுக்கு முன்னால் அதைக் குடித்தும் காட்டினார், அடுத்த மாதமே அவருக்குத் தொற்றும் வந்தது. சுதேச வைத்தியம் என்பது இந்த நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் செய்தியாகிறது: தேசப்பற்றாகவோ கேலியாகவோ. விரல் மரத்துப்போன ஒரு தொழிலாளிக்கு இரண்டாலும் பயனில்லை.

இப்போது உலக சுகாதார நிறுவனத்திலும் காற்று இந்தப் பக்கம் வீசுகிறது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, 2034 வரையிலான பாரம்பரிய வைத்திய மூலோபாயத்தை ஏற்றுக்கொண்டது. நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேசப் பட்டியலில் சீன மரபிலிருந்து வந்த பகுதி 2019இலேயே இடம்பிடித்துவிட்டது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவையும் சேர்ந்தன. கொழும்பில் இதைப் பற்றிக் கருத்தரங்குகள் நடக்கும், சுற்றுலாவோடு இணைத்துத் திட்டங்களும் வரும். எண்ணெய்க் குளியலுக்கு வரும் வெளிநாட்டவருக்குச் சுதேச வைத்தியம் ஏற்கெனவே ஓர் ஒழுங்கான தொழில். தோட்டத்துக்காரருக்கு அது வேறு வழியில்லாதபோது போகும் இடம்.

வேறு வழியில்லாமை என்றால் என்ன என்பதை 2022 நமக்குக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. செய்தியைப் பார்த்த இந்திய வெளிவிவகார அமைச்சரே உதவி பற்றி டுவிட்டரில் எழுத வேண்டி வந்தது. அதே மாதங்களில் பெற்றோல் இல்லை, முச்சக்கர வண்டி இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து பேராதனைக்குப் போவதே ஒரு திட்டமாக இருந்தது. நடந்து போகும் தூரத்தில் திண்ணை இருந்தது. அதன் பிறகு வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள், போகிறார்கள். திண்ணைக்காரர் போகவில்லை. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு கதை.

வடக்கு, கிழக்கிலும் புலத்திலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த நிலை புதிதாக இராது. மருந்துக்குத் தடை இருந்த காலத்தில் வன்னியிலும் குடாநாட்டிலும் முறிவு நெரிவு வைத்தியர் எத்தனை பேருக்குக் கைகொடுத்தார் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் இந்த இரு வைத்திய உலகங்களையும் சுமந்து சென்றவை. ஆனால் எறிகணைக் காயம் தோட்டத்தில் வழுக்கி விழுந்த முறிவு போன்றதல்ல. எலும்பு நொறுங்கி, சதை திறந்து, மண்ணும் உலோகமும் உள்ளே போகும் காயம் அது. அதற்குச் சத்திரசிகிச்சையும் ஏற்புத் தடுப்பூசியும்தான் வேண்டும். அங்கே எந்தப் பத்துக்கும் இடமில்லை. வெளியே கம்பி பொருத்திய கால்களோடு முகாம்களில் இருந்தவர்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கால்கள் இப்போது வயதாகின்றன. உள்ளே தகடும் ஆணியும் இருக்க, குளிர்காலத்தில் ரொறன்ரோவிலோ பனிக்காலத்தில் நுவரெலியாவிலோ நோவு தொடங்கும்போது பலர் தைலத்தையும் பிடித்துவிடுபவரையும் தேடுகிறார்கள். மேலால் தைலம் பூசுவதில் பெரிதாகக் கெடுதல் இல்லை. உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்லாமல் யாரையும் அழுத்தவோ இழுக்கவோ விடாதீர்கள். எறிகணைத் துண்டு உடலில் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தக் காந்தம் துண்டை நகர்த்தக்கூடும். பழைய காயத்தில் புதிதாக வீக்கமும் சூடும் சீழும் வந்தால் அது வாதம் அல்ல, எலும்புக்குள் கிருமி இருக்கலாம். போரைப் பற்றிப் பேசத் தயங்கி, எங்கே காயம்பட்டது என்பதைப் புதிய டொக்டரிடம் மறைப்பவர்களை எனக்குத் தெரியும். அச்சம் புரிகிறது. இருந்தாலும் உலோகம் இருக்கிறது என்பதை மட்டுமாவது சொல்லுங்கள், எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய முறிவில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலை நீட்டும்போது உயிர் போவது போல வலிப்பது, விரல் மரத்தும் குளிர்ந்தும் வெளிறியும் போவது. கட்டியவர் டொக்டரா வெதமாத்தயாவா என்பது இங்கே முக்கியமல்ல. சில மணி நேரங்களில் தசை செத்துவிடும், உடனே வைத்தியசாலையில் கட்டைத் தளர்த்த வேண்டும். வரிசையில் நிற்கக் கூடாத நேரம் அது, சத்தம் போட வேண்டிய நேரம். பிள்ளைகளின் முழங்கைக்கு இந்த ஆபத்து அதிகம். புதிதாக முறிந்த முழங்கையை எண்ணெய் போட்டு உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போய்விடவும் கூடும்.

எத்தியோப்பியாவில் நாட்டு எலும்பு வைத்தியர்கள் இறுக்கிக் கட்டியதால் அழுகி வெட்டப்படும் கைகால்கள் ஏராளமாக இருந்தன. அங்கே ஒரு பகுதியில் அவர்களைத் தடை செய்யாமல், கூப்பிட்டு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அப்படி வெட்டப்பட்ட உறுப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2005இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சீனாவின் கல்லூரியையும் தியன்ஜினின் ஆய்வுகளையும் நம்மால் கட்டியெழுப்ப முடியாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பயிற்சிக்கும், தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு பரிந்துரைத் துண்டுக்கும், படத்தின் பிரதியை நோயாளியின் கையில் கொடுக்கும் ஒரு சுற்றறிக்கைக்கும் எவ்வளவு செலவாகும்?

வைத்தியசாலைத் துண்டு இல்லாமல் போவதால் தோட்டத் தொழிலாளி இழப்பது கையை மட்டுமல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேலையின்போது ஏற்பட்ட விபத்தில் தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனாலும், நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் தொழில் வழங்குநர் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு விபத்து நடந்ததற்கும் காயத்துக்கும் பதிவு வேண்டும். பெரியம்மாவின் விபத்தை அன்று தோட்டத்தில் யாரும் புத்தகத்தில் ஏற்றவில்லை. அவரும் கேட்கவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பிளாஸ்டரை வெட்டிய பிறகு கிளினிக்குக்குப் போகாததால் அட்டையும் பாதியில் நிற்கிறது. வலது கை இப்போது முழுதாகத் திரும்பாது. வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம், நிறை குறையும் கைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எந்த வைத்தியரை நம்பினாலும், முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய்ப் பதியுங்கள். கணக்கப்பிள்ளையிடம் சொல்லி விபத்தை எழுதவையுங்கள். அட்டையையும் படத்தையும் கைபேசியில் எடுத்து வையுங்கள். பிறகு திண்ணைக்குப் போவது உங்கள் விருப்பம்.

பரிந்துரைத் துண்டு, பயிற்சி எல்லாம் யாரிடம் கேட்க வேண்டியவை என்று பார்த்தால் கதை மறுபடியும் அரசியலுக்கு வருகிறது. 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாண மட்டத்துச் சுதேச வைத்தியம் மாகாண சபையின் கையில். மத்திய மாகாணத்துக்கும் வடக்குக்கும் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில், ஒரே நாளில். இரண்டு சபைகளின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நாவலப்பிட்டி வெதமாத்தயா எழுத நினைத்த அந்தத் துண்டுக்கு ஒரு முகவரி வேண்டும் என்று நான் மாகாணத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அமைச்சர் என்று போட ஆள் இல்லாததால், ஆளுநர் செயலகம், கண்டி என்று எழுதி அனுப்பினேன்.